கட்டணக் குழு: கடிதம்

வணக்கம் சார்,

நான் ஈரோட்டில் ஆரி வேலை செய்கிறேன். ஊரடங்கு சமயத்தில், வீட்டிலிருந்தே கைவினைப் பொருட்கள் செய்து விற்கும் பெண்களுக்காக ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தேன். சுடுமண் நகை, சோப்பு, ரெசின், கேக் என்று இப்போது நானூறு பேருக்கு மேல் இருக்கிறோம். இதையே மாதம் 499 ரூபாய் கட்டணக் குழுவாக்கி, வீடியோ வகுப்புகள் தரலாம் என்று யோசனை. பாதிப் பேர் சேர்ந்தாலே போதும் என்கிறார் கணவர். சரியாக வருமா?

சு., ஈரோடு

அன்புள்ள சு.,

பாதிப் பேர் வர மாட்டார்கள். இருபது பேர் வந்தாலே நல்ல தொடக்கம்.

வீடியோ வகுப்பு யோசனையை முதலில் விடுங்கள். ஆரி தையலை யூடியூபில் இலவசமாகவே கற்றுக்கொள்ளலாம். அங்கே கிடைக்காதது வேறு. ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு பிளவுஸில் ஆரி வேலை செய்துவிட்டு, 1,500 ரூபாய்க்குக் கொடுக்கிறார். நூலும் பாசியும் 600 ரூபாய், துணி வாடிக்கையாளருடையது, அதனால் 900 லாபம் என்பது அவர் கணக்கு. "பதினாறு மணி நேரம் உட்கார்ந்தீர்களே, அதற்குக் கூலி எங்கே?" என்று சோப்பு செய்கிற இன்னொருவர் கேட்க வேண்டும். மணிக்கு அறுபது ரூபாய்கூட விழவில்லை என்று அப்போதுதான் உறைக்கும். இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருப்பதற்குத்தான் காசு கொடுப்பார்கள். நானூறு பேர் நடுவில், குட் மார்னிங் படங்களுக்கு இடையே, யாரும் தன் கணக்கைத் திறந்து காட்ட மாட்டார்கள்.

அதனால் இருபது, இருபத்தைந்து பேரோடு நிறுத்துங்கள். வாரம் ஒரு நாள், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்கு முன்னால், ஒரு மணி நேரம் எல்லோரும் ஜூமில் உட்காருங்கள். வாரத்துக்கு இரண்டு பேர் தங்கள் சிக்கலைச் சொல்லட்டும், மற்றவர்கள் பேசட்டும். நீங்கள் கொஞ்சமாகப் பேசினால் போதும். ஒரே தொழில்காரர்களாகச் சேர்க்காதீர்கள். போட்டியாளர் முன்னால் யார் விலையைச் சொல்வார்கள்?

பழைய குழு இலவசமாகவே இருக்கட்டும். இத்தனை நாள் சும்மா கிடைத்ததற்குத் திடீரென்று காசு கேட்டால் கோபம்தான் வரும்.

அப்புறம், பணம் வாங்கும் முறை. மாதாமாதம் தானாகப் பிடிக்கும் ஏற்பாடு நம் ஊரில் கொஞ்சம் சிக்கலானது. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் விதி நடைமுறைக்கு வந்ததிலிருந்து, கார்டில் பணம் பிடிப்பதற்கு ஒரு நாள் முன்பே செய்தி அனுப்பியாக வேண்டும். வாடிக்கையாளருக்கு அது நல்லதுதான். உங்களுக்கோ, "தொடரலாமா, விட்டுவிடலாமா?" என்று மாதம் தவறாமல் அவர்களை யோசிக்கவைத்த மாதிரி. மூன்று மாதத்துக்குச் சேர்த்து ஜிபேயில் வாங்கிவிடுங்கள். உங்கள் தையல் வருமானத்தையும் சேர்த்து ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி கவலை பெரிதாக இல்லை என்று கணவரிடம் சொல்லுங்கள்.

எந்தத் தளத்தில் நடத்தினாலும் உறுப்பினர்களின் பெயர், போன் நம்பர், மின்னஞ்சல் எல்லாம் உங்கள் நோட்டிலும் இருக்கட்டும். தளம் திடீரென்று விதியை மாற்றினாலும் அவர்கள் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. ரசிகர்கள் கலைஞர்களுக்குப் பணம் தந்து ஆதரிக்கும் தளமான பேட்ரியானின் கதை தெரிந்திருக்கலாம். ஜாக் கான்டே என்ற இசைக்கலைஞர், சாம் யாமோடு சேர்ந்து 2013-இல் தொடங்கியது. கலைஞர்களுக்காகக் கலைஞரே தொடங்கிய நிறுவனம்தான். ஆனால் 2017 டிசம்பரில், ஆதரவாளர் தரும் ஒவ்வொரு தொகைக்கும் மேலே 2.9 சதவீதமும் 35 சென்ட்டும் அவரிடமே வசூலிக்கப்போவதாக அறிவித்தது. ஒரு டாலர் தருபவருக்கு அது கிட்டத்தட்ட 1.38 ஆகிவிடும். சிறு தொகை தந்தவர்கள் பலர் கழன்றுகொண்டார்கள். எதிர்ப்பு கிளம்பி, ஒரு வாரம் போலத்தான், அறிவிப்பை வாபஸ் வாங்கினார்கள். போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை. சொந்தமாகக் குழு தொடங்க இடம் தந்த நிங் தளம் 2010-இல் இலவசச் சேவையையே நிறுத்தியது. அங்கே குழு வைத்திருந்தவர்கள் காசு கட்ட வேண்டும், இல்லையென்றால் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

499 என்ற விலையில் தப்பில்லை. முதல் மூன்று மாதத்துக்கு 1,200 என்று வையுங்கள். பாதியில் யாராவது பிடிக்கவில்லை என்றால், மீதிப் பணத்தை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள், காரணம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.