ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு: செட்டிநாட்டு வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆடி பிறந்துவிட்டால் நம் பக்கத்தில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். அதனால் ஆனி மாதத்தில் எனக்கு வருகிற கேள்விகளில் முக்கால்வாசி வீடு பார்ப்பதைப் பற்றித்தான் இருக்கும். இந்தத் தடவை எல்லாமே ஏதோ ஒரு வகையில் ரயிலைச் சுற்றி வந்திருக்கின்றன. சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

மகனுக்குக் கிண்டியில் வேலை கிடைத்திருக்கிறது. வாடகை 12,000 ரூபாய்க்கு மேல் முடியாது. பைக் வாங்கித் தர எனக்கு மனசில்லை. ஸ்டேஷனுக்கு நடந்தே போகிற மாதிரி எந்தப் பகுதியில் பார்க்கலாம்?
— பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி

ஆச்சி, ஆபீஸ் கிண்டியில் என்றதும் பாதி வேலை முடிந்துவிட்டது. கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயில் பாதையைத் தவிர வேறு எதையும் பார்க்க வேண்டாம். ஆவடி, அம்பத்தூர் பக்கம் வாடகை குறைவு என்று யாராவது சொல்வார்கள். அது சென்ட்ரலுக்கு வருகிற பாதை. தினமும் சென்ட்ரலில் இறங்கி, ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, அங்கே இன்னொரு ரயில் பிடிக்க வேண்டும். காலை நேரத்தில் அது ஒரு தண்டனை. இன்னொரு விஷயம், காரைக்குடியிலிருந்து போகிற பல்லவனும் சேதுவும் தாம்பரத்தில் நிற்கும். நீங்கள் முறுக்குத் தூக்கோடு மகனைப் பார்க்கப் போகும்போது எழும்பூர் வரை போய்த் திரும்பி வர வேண்டியதில்லை.

இனி ஸ்டேஷன் ஸ்டேஷனாக. மாம்பலம், சைதாப்பேட்டை எல்லாம் உங்கள் கணக்குக்கு எட்டாது. பழவந்தாங்கலில் இறங்கினால் நங்கநல்லூர். நடப்பதற்கு அதைவிட நல்ல ஊர் அந்தப் பாதையில் இல்லை என்பது என் எண்ணம். கோவில், காய்கறிக் கடை, மெஸ், மருந்துக் கடை எல்லாம் கால் மணி நேர நடைக்குள். கிண்டி இரண்டாவது ஸ்டேஷன். ஆனால் 12,000க்குத் தனி வீடு சுலபத்தில் கிடைக்காது; கூட வேலை பார்க்கும் ஒருவரோடு பங்கு போட்டால் கிடைக்கும். மீனம்பாக்கம், திரிசூலம் இரண்டையும் விட்டுவிடுங்கள். அங்கே விமான நிலையம்தான் பெரிது, வீடு குறைவு. அடுத்து வருகிற பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம் மூன்றும்தான் உங்கள் மகனுக்கானவை. இதில் சானடோரியத்தை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெயரைக் கேட்டதும் காசநோய் ஆஸ்பத்திரி நினைவுக்கு வருவதாலோ என்னவோ. அதனாலேயே அங்கே ஒருமுறை தேடிப் பாருங்கள். தாம்பரத்துக்கு ஒரு தனி வசதி உண்டு: பல ரயில்கள் அங்கிருந்தே கிளம்புவதால் உட்கார இடம் கிடைக்கும். தாம்பரம் தாண்டினால் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று வாடகை இறங்கும். ரயிலின் எண்ணிக்கையும் கூடவே இறங்கும்.

டிக்கெட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை போனாலே 10 ரூபாய்தான். சீசன் டிக்கெட் எடுத்தால் அதைவிட மலிவு. காசு போவது ரயிலில் இல்லை, வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில். ஷேர் ஆட்டோவுக்குப் போக 20, வர 20 என்று வையுங்கள். மாதம் 26 நாளைக்கு 1,040 ரூபாய். மழை பெய்தால், கடைசி ஷேர் ஆட்டோ போய்விட்டால் தனி ஆட்டோ. அதனால் ஆயிரம் ரூபாய் வாடகை குறைகிறது என்று ஸ்டேஷனிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போவதில் மிச்சம் ஒன்றுமில்லை.

என் கதை ஒன்று சொல்கிறேன். குரோம்பேட்டையில் முதல் வீடு பார்த்தபோது தரகர், "ஸ்டேஷன் ஏழே நிமிஷம் சார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்தேன். திங்கட்கிழமை காலை நடந்தபோதுதான் தெரிந்தது. வீடு தண்டவாளத்துக்குக் கிழக்கே, ரயில்வே கேட்டைத் தாண்டி. கேட் மூடினால் ஒரு ரயில் போகும், திறக்கப் போகிறார்கள் என்று நினைக்கும்போது எதிர்த்திசையில் இன்னொன்று வரும். பிளாட்பாரத்துக்கு வந்து சேர 19 நிமிஷம். இரண்டு வருஷம் அந்த 12 நிமிஷத்தை ஓடியே ஈடுகட்டினேன். ஆகவே மூன்று விஷயம் கேளுங்கள்: வீடு தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம், அந்தப் பக்கத்திலேயே ஸ்டேஷனுக்கு வழி இருக்கிறதா, நடைமேம்பாலப் படி எங்கே இறங்குகிறது. தண்டவாளத்தை ஒட்டி ஓடும் ஜி.எஸ்.டி. ரோடு என்கிற நெடுஞ்சாலையைத் தினமும் கடக்க வேண்டுமானால் அதற்கும் ஐந்து நிமிஷம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் பக்கம் நல்ல வீடு, வாடகையும் குறைவு. எடுக்கலாமா?
— புதுவயல் வாசகர்

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படித் தண்ணீரில் நின்றன என்று நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். அதற்காக அந்தப் பக்கமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தெருவுக்குத் தெரு வித்தியாசம் உண்டு. தரைத்தளம் வேண்டாம், மாடி என்றால் யோசிக்கலாம். வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை; தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் கேளுங்கள், தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று கைகாட்டுவார். பக்கத்தில் புதிதாகக் கட்டிய வீடுகளின் தளம் மட்டும் மூன்றடி தூக்கலாக இருந்தால் யாரையும் கேட்கவே வேண்டாம். நம் முன்னோர் கடலுக்குப் பயந்து பூம்புகாரை விட்டு வந்தவர்கள், அதனால்தான் நம் வீடுகளுக்கு அவ்வளவு உயரத் தளம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, படியை எண்ணிப் பார்க்கிற பழக்கம் நல்லது.

ஸ்டேஷனுக்குப் போகிற சுரங்கப்பாதையையும் பாருங்கள். பழவந்தாங்கலில் கொஞ்சம் கனத்த மழை என்றாலே சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். வீடு காய்ந்திருக்கும், வழி நனைந்திருக்கும்.

எனக்குச் சிறுசேரியில் வேலை. ரயில் வசதியோடு வீடு?
— காரைக்குடி, செக்காலை

அந்த ஆசையை விட்டுவிடுங்கள். வேளச்சேரி பறக்கும் ரயில் டைடல் பார்க் பக்கம், தரமணி பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு அருமை. திருவான்மியூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். சிறுசேரிப் பக்கம் அது போகாது, அதனால் உங்களுக்கு உதவாது. ஆபீஸ் பஸ் எந்தெந்த இடத்தில் நிற்கிறது என்ற பட்டியலை முதலில் வாங்குங்கள், அதில் ஒரு நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள்.

"தேவகோட்டை ரயில் நிலையத்திலிருந்து 5 நிமிடம்" என்று மனை விளம்பரம் பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு ஊரோடு வந்துவிடலாம் என்று ஆசை. வாங்கலாமா?
— தேவகோட்டைக்காரர், தற்போது பெங்களூரில்

நீங்கள் தேவகோட்டைக்காரர், உங்களுக்கே நான் சொல்ல வேண்டுமா? அது தேவகோட்டை ரஸ்தா, ரயில்வே கணக்கில் 'தேவகோட்டை ரோடு'. ஊர் அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல். ரயில்வேயில் ஓர் ஊர்ப் பெயரோடு 'ரோடு' என்று வந்தாலே, ஊருக்குப் போக இங்கிருந்து ரோடு இருக்கிறது, ஊர் இங்கே இல்லை என்று அர்த்தம். கொடைக்கானல் ரோட்டில் இறங்கிப் போர்வையைத் தேடினால் கிடைக்குமா?

மனை ரஸ்தாவுக்குப் பக்கத்தில் என்றால் உங்களுக்குப் பக்கத்து ஊர் தேவகோட்டை இல்லை, காரைக்குடிதான். அதை ஏற்றுக்கொண்டு வாங்கினால் தவறில்லை. ஆனால் நடந்து போய் வாங்கக் கடை என்ன இருக்கிறது, எந்த ரயில் அங்கே நிற்கிறது, இரவு ஸ்டேஷனில் இறங்கினால் ஆட்டோ நிற்குமா என்று ஒரு தடவை இறங்கிப் பாருங்கள். காகித விஷயம்: நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி, வில்லங்கச் சான்று, பட்டா மூன்றும் வேண்டும். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் கேளுங்கள். 'எண் சீக்கிரம் வந்துவிடும்' என்றால், வந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

நானும் வீட்டுக்காரரும் 30 வருஷம் குரோம்பேட்டையில் இருந்துவிட்டோம். கோட்டையூரில் பூர்வீக வீட்டில் எங்கள் பங்கு இருக்கிறது. அங்கே போவதா, காரைக்குடி ஜங்ஷன் பக்கம் சின்ன வீடு பார்ப்பதா? பிள்ளைகள் சென்னையில்.
— பெயர் வேண்டாம் என்றவர்

நீங்கள் ரயிலை முதலில் வைத்துக் கேட்கிறீர்கள். வேலைக்குப் போகிறவருக்கு ரயில் தினமும் இரண்டு தடவை. உங்களுக்கு வருஷத்தில் நாலு தடவை, பேரன் காதுகுத்து வந்தால் ஐந்து. பல்லவன் இரவில்தான் காரைக்குடிக்கு வந்து சேரும். வீடு ஒரு கிலோமீட்டரில் இருந்தாலும் அந்த நேரத்தில் பெட்டியோடு நடக்கப் போவதில்லை, ஆட்டோதான். கோட்டையூருக்கும் ஸ்டேஷன் உண்டு, ஆனால் எக்ஸ்பிரஸ் ரயில்கள் காரைக்குடியில்தான் நிற்கும்.

ஆகவே ரயிலைத் தள்ளி வைத்துவிட்டு, தினமும் எங்கே நடப்பீர்கள் என்று பாருங்கள். பால், காய், மாத்திரை, கோவில், பல் டாக்டர். இங்கே நம் ஊர்களின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். முகப்பு ஒரு தெருவில், வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று உள்ளே போய்க்கொண்டே இருந்து கொல்லை வாசல் அடுத்த தெருவில் திறக்கும். தெரு நேராக, அகலமாக இருக்கும், கண்ணுக்கு அழகு. ஆனால் ஒரு தெரு முழுக்கப் பூட்டிய வாசல், அடுத்த தெரு முழுக்கக் கொல்லைச் சுவர். பாதி வீடுகளில் காவலுக்கு மட்டும் ஆள். நடுவில் உட்காரத் திண்ணை இல்லை, கடை இல்லை, மத்தியானத்தில் நிழலும் இல்லை. போன பங்குனியில் கானாடுகாத்தானில் ஒரு தெருவை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நடந்தேன். எதிரே வந்தது ஒரு நாயும், வீடுகளைப் படம் எடுக்க வந்த இரண்டு வெள்ளைக்காரர்களும்தான். 65 வயதில் அங்கே தனியாக நடந்து தலைசுற்றினால் தண்ணீர் கேட்க ஆள் வேண்டும்.

பங்கு வீடு என்பதால் பழுதுபார்க்கும் செலவை யார் எவ்வளவு போடுவது என்று பங்காளிகளோடு பேச்சு முடிந்துவிட்டதா? முடியாவிட்டால் கோட்டையூரைப் பொங்கலுக்கும் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் வைத்துக்கொண்டு, காரைக்குடியில் கடைத்தெருவை ஒட்டி வாடகைக்கு ஒரு வருஷம் இருங்கள். வாங்க அவசரமில்லை. கோட்டையூருக்கு டவுன் பஸ் இருக்கிறது. 2024இல் காரைக்குடி மாநகராட்சியானதிலிருந்து மனை விலை பேசுகிறவர்களின் குரலே மாறியிருக்கிறது. அந்தச் சத்தம் கொஞ்சம் அடங்கட்டும்.

காரைக்குடியில் இருந்துகொண்டே தினமும் திருச்சிக்கு ரயிலில் வேலைக்குப் போய்வர முடியுமா?
— கல்லூரி ஆசிரியை

ஏறத்தாழ 90 கிலோமீட்டர். முடியும், செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இது தாம்பரம் பாதை இல்லை. ஒன்றை விட்டால் அடுத்த ரயிலுக்குப் பல மணி நேரம், அப்புறம் பஸ்தான். ஆறு மாதம் தாங்கும், ஆறு வருஷம் தாங்காது. புதுக்கோட்டைக்கு மாறினால் தூரம் 50 கிலோமீட்டரை ஒட்டி வந்துவிடும், வாரக் கடைசியில் காரைக்குடியும் பக்கம். திருச்சியிலேயே பார்ப்பதென்றால் நடக்க ஸ்ரீரங்கம் நல்ல ஊர், ஸ்டேஷனும் உண்டு. கல்லூரி எந்தப் பக்கம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?
— கண்டனூர்

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் முன்பணம். அந்த 'ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன்பு பேசுங்கள்; போட்ட பிறகு சட்டம் பேசிப் பலன் குறைவு. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். சாங்கியம் பார்க்காதவராக இருந்தால் ஆடியில் போய்ப் பேரம் பேசிப் பாருங்கள். ஆவணி வரை பூட்டிக் கிடக்கப் போகிற வீட்டுக்கு உரிமையாளர் கொஞ்சம் இறங்கி வருவார்.

ஒரே நாளில் போய் வீடு பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். எப்படித் திட்டமிடுவது?
— மீண்டும் அந்தப் பள்ளத்தூர் ஆச்சி

காரைக்குடியில் இரவு சேதுவில் ஏறினால் காலையில் தாம்பரத்தில் இறங்கலாம். இறங்கியதும் வீட்டைப் பார்க்க ஓடாதீர்கள். பல் விளக்கி, காபி குடித்துவிட்டு, மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்குப் போங்கள். எட்டு, எட்டரை மணிக்கு அந்தப் பிளாட்பாரத்தில் பத்து நிமிஷம் நில்லுங்கள். எத்தனை ரயில் வருகிறது, மகன் ஏற முடியுமா என்று கண்ணால் பாருங்கள். அப்புறம் தரகரை ஸ்டேஷன் வாசலுக்கே வரச் சொல்லி, அவர் வண்டியில் ஏறாமல் கூடவே நடக்க வையுங்கள். இரண்டு வீட்டுக்கு மேல் பார்க்க வேண்டாம். பிடித்த வீட்டின் சாவியைக் கொஞ்ச நேரம் வாங்கி, குழாயைத் திறந்து, மொட்டைமாடித் தொட்டியைப் பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு அதே தெருவில் இன்னொரு தடவை ஸ்டேஷன் வரை நடங்கள். விளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

அதற்குப் பிறகு ராத்திரி ரயிலுக்கு நேரம் இருக்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட்டைத் தாம்பரத்திலிருந்தே ஏறுகிற மாதிரி முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.