மாமா, சித்தப்பா, அப்பா – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அப்பா மாசியில் காலமானார். பூர்வீகம் செங்கோட்டை, புனலூரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். நான் ஒரே பெண். பெரியப்பா மகன்தான் கொள்ளி வைத்தார். பதினாறாம் நாள் முடிந்ததும் அத்தை பிள்ளைகள் எல்லாரும், "மாமாவைப் பத்தி ஒரு சின்னப் புத்தகம் போடணும், வருஷத் திதிக்குள்ள நீதான் எழுதித் தரணும்" என்று சொல்லிவிட்டார்கள்.

எழுத உட்கார்ந்தால் 'குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்' என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. துட்டி வீட்டில் அவர்கள் சொன்ன கதைகளில் பாதி எனக்குத் தெரியாது. அவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார், பாட்டுப் பாடியிருக்கிறார். எங்கள் வீட்டில் அவர் பாடி நான் கேட்டதில்லை. மூன்று அத்தை வீட்டுக்கும் வருஷம் தவறாமல் பொங்கல்படி கொண்டுபோவார். என் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. எனக்கு அப்பாவாக இருந்ததைவிட அவர்களுக்கு மாமாவாகத்தான் அதிகம் இருந்தாரோ என்று நினைக்கிறேன். இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

நான் மலையாள மீடியத்தில் படித்தவள். தமிழ் வாசிப்பேன், எழுதினால் தடுமாறும். இந்தக் கடிதத்தையும் கணவர்தான் திருத்தினார். மூத்த அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது, அவர் இருக்கும்போதே புத்தகம் வர வேண்டும் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

எம்., புனலூர்

அன்புள்ள எம்.,

கூச்சப்பட ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தில் உங்கள் அப்பா எனக்குக் கண்ணில் தெரிந்ததே அந்தப் பள்ளி ஆண்டு விழா வரியில்தான். அதைப் புத்தகத்திலும் வையுங்கள். 'அவருக்குக் கடை இருந்தது, வர முடியவில்லை' என்று பூசி மெழுக வேண்டாம். நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றதை அப்படியே எழுதுங்கள். அத்தை பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வலிக்கும். வலிக்கட்டும்.

'குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்' என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். சுவரில் ஒட்டுகிற எந்தக் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் அது பொருந்தும். எந்த வீட்டுக்கு, எந்த மாசத்தில், என்ன கொண்டு போனார் என்று எழுதினால் அவர் ஒருத்தருக்கு மட்டும்தான் பொருந்தும்.

உங்கள் ஊர்ப்பக்கத்துக் குடும்பங்களுக்கு இப்படிப் போய்வருவது சாதாரண விஷயமில்லை. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆரியங்காவும் தென்மலையும் புனலூரும் கேரளத்தில் நின்றன. அதற்கு முன்பு திருவிதாங்கூருக்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பிழைக்கப் போனவர்கள், பிறகு அண்ணன் ஒரு மாநிலம், தம்பி ஒரு மாநிலம் என்று ஆனார்கள். பிள்ளைகள் படிக்கிற பாஷை மாறியது, ரேஷன் கார்டு மாறியது. அப்படிப்பட்ட குடும்பத்தில் யாராவது ஒருத்தர் விடாமல் நடுவிலிருக்கும் மலையை ஏறி இறங்கினால்தான் அடுத்த தலைமுறைக்கு ஒருவரையொருவர் முகம் தெரியும். உங்கள் வீட்டில் அந்த வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். அத்தை பிள்ளைகள் உங்களை 'நீ' என்று உரிமையோடு அதட்டிப் புத்தகம் கேட்கிறார்களே, அது அவர் போய்வந்ததால் கிடைத்த உரிமை.

அந்தப் போக்குவரத்தை விரிவாக எழுதுங்கள். புனலூருக்கும் செங்கோட்டைக்கும் நடுவே 1904-லிருந்து ஓடிய மீட்டர்கேஜ் ரயில் 2010-ல் அகலப்பாதை வேலைக்காக நின்றது. மறுபடி ரயில் மலையேறியது 2018-ல்தான். இடையில் அத்தனை பொங்கலுக்கும் படி எப்படிப் போனது? அரிசியும் வெல்லமும் தன் கடையிலேயே கட்டிக்கொண்டு, கரும்பையும் மஞ்சள் குலையையும் செங்கோட்டையில் இறங்கி வாங்கினாரா? புளியரை வளைவுகளில் பஸ் திரும்பும்போது மூட்டையை யார் பிடித்துக்கொண்டார்கள்? 2020 கொரோனா ஊரடங்கில் பாஸ் இல்லாமல் எல்லை தாண்ட முடியாதபோது என்ன செய்தார்? கடையின் பழைய பற்று நோட்டுகள் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அத்தை வீடுகளுக்குப் போன சாமான்கள் அதில் எழுதியிருக்கலாம். எழுதாமலே விட்டிருந்தால் அதுவும் அவரைப் பற்றிய செய்திதான்.

அடுத்தது, உங்கள் மனதை அரிக்கிற விஷயம். எனக்கும் ஒரு தாய்மாமா இருந்தார். காதுகுத்துக்கு என்னை மடியில் வைத்துக்கொண்டவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் தெருவே கேட்கும் அவர் சிரிப்பு. அவர் போன பிறகு அவர் மகன் சொன்னான்: "உங்க வீட்டுக்குப் போயிட்டு வந்தா அப்பா காலைக் கழுவிட்டுப் படுத்துருவாரு. ஒரு வார்த்தை பேசமாட்டாரு." அவன் குறையாகத்தான் சொன்னான். எனக்கோ அதைக் கேட்டபோது அவன்மேல் பொறாமை வந்தது. களைத்துப் படுத்த மாமாவை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அத்தை வீட்டில் உங்கள் அப்பா விருந்தாளி. மாமா முறைக்கே கேலிக்கு இடமுண்டு. மருமகள்கள் வம்புக்கு இழுப்பார்கள், "ஒரு பாட்டுப் பாடுங்க மாமா" என்பார்கள், அவரும் பாடத்தான் செய்வார். பெரியப்பா பிள்ளைகளுக்கு அவர் சித்தப்பா. அங்கே அண்ணனுக்கு அடங்கிய தம்பியாக, கொஞ்சம் குரல் தணிந்து இருந்திருப்பார். ஆகவே இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே நாளில் சேர்த்து உட்காரவைத்துக் கேட்காதீர்கள். ஒருவர் கதை மற்றவர் கதையை அமுக்கிவிடும். தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே சம்பவத்தை இருவர் வேறுவேறாகச் சொன்னால் இரண்டையும் போடுங்கள்.

உங்கள் பங்கு, ராத்திரி கடை சாத்திவிட்டு வந்த மனிதர். சட்டையை எங்கே மாட்டினார், சில்லறையை எப்படி எண்ணி அடுக்கினார், சாப்பிடும்போது என்ன கேட்டார், உங்கள் அம்மாவிடம் எதைச் சொல்லி, எதைச் சொல்லாமல் விட்டார். இதை எழுத உங்களையும் அம்மாவையும் விட்டால் ஆளில்லை. பாடாத அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதினால் அத்தை பிள்ளைகள் தங்கள் மாமாவின் மீதிப் பாதியை முதன்முறையாகத் தெரிந்துகொள்வார்கள். அவர்களுக்கு அது கிடைக்க வேண்டும். நீங்கள் தராவிட்டால் யாரும் தர முடியாது.

தமிழ் தடுமாறுவது ஒரு தடையே இல்லை. பேசுங்கள். போனில் பதிவு செய்து, செங்கோட்டையில் நன்றாக எழுதத் தெரிந்த ஒரு மச்சானிடமோ மதினியிடமோ கொடுங்கள். மலையாளம் கலந்து வந்தால் வரட்டும். அப்பா கடையில் வாடிக்கையாளரிடம் மலையாளத்தில் சொன்னதைத் தமிழாக்க வேண்டாம். தமிழ் எழுத்தில் மலையாளமாகவே விடுங்கள். செங்கோட்டைக்காரர்களுக்குப் புரியும். உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது என்றால் அந்தப் பதிவுகளையும் பத்திரமாக வையுங்கள். புத்தகத்தை அவர்கள் காதால் கேட்டுக்கொள்வார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். மூத்த அத்தையிடமிருந்து. மற்ற எல்லாருக்கும் அவர் மாமா, சித்தப்பா, அப்பா. அந்த அம்மாவுக்குத்தான் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. சாரல் பிடிப்பதற்குள் ஒரு தடவை போய் ரெண்டு நாள் தங்குங்கள். எழுதுகிறேன் என்று நோட்டை எடுக்காதீர்கள், போனை ஆன் செய்து பக்கத்தில் வைத்தால் போதும். வயதானவர்கள் சொன்னதையே திரும்பச் சொல்வார்கள், நிறுத்தாதீர்கள். மூன்றாவது தடவை சொல்லும்போதுதான் புதிதாக ஒரு பெயரோ ஊரோ வந்து விழும்.