தேதி முடியாத பால் ஏன் திரிந்தது?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். தைப்பூசத்தன்று பால்குடத்துக்காக சூப்பர்மார்க்கெட்டில் குளிர்பெட்டியில் இருந்த பால் வாங்கி, காரில் பத்துமலைக்கு எடுத்துப் போனோம். மீந்த ஒரு பெட்டியை மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஐஸ்பெட்டிக் கதவில் வைத்தேன். மறுநாள் காலை மோந்து பார்த்தேன், வாடை இல்லை. காலாவதித் தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. ஆனால் அடுப்பில் வைத்ததும் திரிந்துவிட்டது. தேதியை நம்புவதா, மூக்கை நம்புவதா? திரிந்த பாலைப் பன்னீர் ஆக்கலாமா? பால்காரர் கொண்டுவரும் பசும்பாலுக்கும் இதே கணக்குதானா?

பதில்: பெட்டியில் அச்சடித்த தேதி இரண்டு நிபந்தனையோடு வருகிறது. பெட்டி திறக்காமல் இருக்க வேண்டும், கடையிலிருந்து உங்கள் வீடுவரை சுமார் 4 டிகிரி குளிரிலேயே இருந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தத் தேதிக்கு அர்த்தமில்லை. உங்கள் பால் பகல் முழுக்கக் காரில் இருந்திருக்கிறது. நிழலிலேயே 32, 33 டிகிரி அடிக்கும் ஊரில், பூட்டிய காருக்குள் இன்னும் எவ்வளவு ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை. அறைச் சூட்டில் இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம், அதுதான் பாலுக்கு வெளியே இருக்க அனுமதி. நம் ஊர் வெயிலுக்கு நான் ஒரு மணி நேரத்தையே வைத்துக்கொள்வேன். அப்புறம் ஐஸ்பெட்டியில் வைத்தால் கெடுவது மெதுவாகுமே தவிர, அதுவரை பெருகிய கிருமிகள் குறையாது.

வாடை இல்லாமலே எப்படித் திரிந்தது? புளிப்பைக் காட்டும் எண் பிஎச், அது இறங்க இறங்கப் புளிப்பு கூடும். புதுப் பாலின் பிஎச் அளவு 6.6 முதல் 6.8 வரை இருக்கும். கிருமிகள் பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் விடவிட, அது இறங்கும். ஆறிய பால் தானாகக் கட்டியாக உறைய 4.6 வரை இறங்க வேண்டும், அதற்குள் வீடே நாறிவிடும். சூடு பட்டால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. லேசாக இறங்கியிருந்தாலே கொதியில் புரதம் பிரிந்துவிடும். மூக்குக்குத் தெரியாத புளிப்பு அடுப்புக்குத் தெரிவது இதனால்தான்.

அதனால் சந்தேகமான பாலை மொத்தமாகக் காய்ச்சாதீர்கள். ஒரு கரண்டி பாலைச் சின்ன பாத்திரத்தில் கொதிக்கவிட்டுப் பாருங்கள். ஓரத்தில் துகள் துகளாக ஒட்டினால் மிச்சத்தைக் கொட்டிவிடலாம். பால் பண்ணைகளில் பால் வாங்குமுன் செய்யும் பழைய சோதனையும் இதுதான். ஆனால் இது புளிப்பை மட்டுமே காட்டும். நோய் தரும் கிருமி இருந்தும் பால் திரியாமல், வாடையில்லாமல் இருக்கலாம். அதனால் நேரக் கணக்கு தவறிய பாலுக்கு இந்தச் சோதனை நற்சான்று ஆகாது.

ஐஸ்பெட்டியிலேயே இருந்து கெடும் பால் வேறு ரகம். குளிரிலும் வளரும் கிருமிகள் புரதத்தையும் கொழுப்பையும் உடைப்பதால் புளிப்புக்குப் பதில் கசப்போ சவர்க்கார வாடையோ வரும். கடை விளக்கு வெளிச்சத்தில் நெடுநேரம் நின்ற பிளாஸ்டிக் பாட்டில் பாலில் அட்டைப்பெட்டி மாதிரி ஒரு சுவை வரும். அது கெட்டதல்ல, ருசிதான் போச்சு. இன்னொன்று, கதவுத் தட்டு பாலுக்கான இடமே இல்லை. திறந்து மூடும்போதெல்லாம் சூடாவது அதுதான். உள்ளே பின்பக்கமாகத் தள்ளி வையுங்கள். திறந்த பாலை எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். போடாவிட்டால் மூன்று நாள்.

திரிந்ததெல்லாம் கெட்ட பால் என்றும் நினைக்க வேண்டாம். தே ஹாலியா என்ற இஞ்சித் தேநீர் போடும்போது பச்சை இஞ்சியைப் பாலோடு போட்டால் நல்ல பாலும் திரியும். இஞ்சியில் புரதத்தை உடைக்கும் ஒரு நொதி இருக்கிறது. முதலில் இஞ்சியைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு பால் ஊற்றினால் சிக்கலில்லை. பாயசத்தில் வெல்லம் போட்டுத் திரிவதும் அமிலத்தின் வேலைதான். அடுப்பை அணைத்துச் சூடு தணிந்த பிறகு வெல்லப் பாகைச் சேருங்கள்.

பன்னீர் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல பாலில் எலுமிச்சை பிழிந்தால் அதைத் திரிக்கிறவர் நீங்கள். தானாகத் திரிந்த பாலில் யார் வேலை செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. காய்ச்சினால் எல்லாம் செத்துவிடுமே என்பார்கள். சில கிருமிகள் விடும் நச்சு கொதியில் அழிவதில்லை. நான்கு வெள்ளிப் பாலுக்காக வீட்டில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டுமா?

அடுத்த பூசத்துக்கு யூஎச்டி பால் வாங்குங்கள். சாதாரணக் குளிர்பாலை 72 டிகிரியில் 15 விநாடி மட்டும் சூடாக்குகிறார்கள். யூஎச்டி பாலை 135 டிகிரிக்கு மேல் சில விநாடிகள் சூடாக்கி, கிருமி நீக்கிய பெட்டியில் அடைக்கிறார்கள். திறக்காதவரை ஐஸ்பெட்டியே வேண்டாம், அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கும். ஆனாலும் வெயிலில் நிற்கும் காரில் போட்டுவிடாதீர்கள், நிழலில் வையுங்கள். ஆற்றங்கரையில் திறந்து குடத்தில் ஊற்றலாம், திறக்காத பெட்டி அப்படியே வீடு திரும்பும். திறந்துவிட்டால் இதுவும் சாதாரணப் பால்தான். பசும்பால்தான் வேண்டும் என்கிறவர்கள் அன்று காலையிலேயே வாங்கி, ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டு போகட்டும். 272 படி ஏறி, வெயிலில் வரிசையில் நின்ற குடத்துப் பாலைப் பாட்டிலில் பிடித்துவந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பது மட்டும் வேண்டாம்.

பால்காரர் பாலுக்கு இதைவிடக் கண்டிப்பு வேண்டும். அதில் தேதியும் இல்லை, தொழிற்சாலைச் சூடாக்கலும் இல்லை. கறந்த நேரத்தைக் கேளுங்கள், வந்தவுடன் காய்ச்சுங்கள். பொங்கி வந்த பிறகும் கிளறியபடி ஓரிரு நிமிடம் கொதிக்கட்டும். அப்புறம் அடுப்பிலேயே மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போவது நம் வீடுகளில் வழக்கம். அதில்தான் கெடுகிறது. கொதிக்குத் தப்பிய கிருமி வித்துகள் வெதுவெதுப்பில் முளைக்கும். பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆற்றி, ஒரு மணி நேரத்துக்குள் ஐஸ்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாராளமாக வரும். கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள் இந்தப் பாலைக் காய்ச்சாமல் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. லிஸ்டீரியா என்ற கிருமி ஐஸ்பெட்டிக் குளிரிலும் வளரும், கருவைப் பாதிக்கும்.