தம்பியின் கப்பல் ஹோர்முஸ் வழியாகப் போகிறது, கண்ணிவெடி தெரியுமா?

கேள்வி: என் தம்பி எண்ணெய்க் கப்பலில் தேர்ட் ஆபீசர். அடுத்த பயணம் ஹோர்முஸ் நீரிணை வழியாக. கடல் கண்ணிவெடி இருந்தால் முன்கூட்டியே தெரியுமா? போக மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டா? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: மறைக்காமல் சொல்லிவிடுகிறேன் அம்மா. நீருக்கடியில் இருப்பது சரக்குக் கப்பலுக்குத் தெரியாது. எக்கோ சவுண்டர் கப்பலுக்கு நேர் கீழே உள்ள ஆழத்தைத்தான் காட்டும்.

பழைய வகைக் கண்ணிவெடி கொம்புகள் முளைத்த இரும்புக் குண்டு. கொம்புக்குள் கண்ணாடிக் குப்பியில் அமிலம் இருக்கும். கப்பல் இடித்துக் கொம்பு வளைந்தால் குப்பி உடையும், மின்சாரம் பிறக்கும், வெடிக்கும். 1988 ஏப்ரலில் பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் சாமுவேல் பி. ராபர்ட்ஸைக் கிழித்தது 1908-ஆம் வருட வடிவமைப்புதான். காவலில் நின்ற மாலுமி முன்னால் மூன்றைப் பார்த்துவிட்டார். பின்வாங்கும்போது, கண்ணில் படாத இன்னொன்று வெடித்தது.

கடல்தரையில் கிடக்கும் வகை இன்னும் மோசம். கப்பலின் காந்தப்புலம், இரைச்சல், நீரழுத்தம் இவற்றை உணர்ந்து வெடிக்கும். முதல் சில கப்பல்களை விட்டுவிட்டு அடுத்ததில் வெடிக்கும்படியும் வைக்கலாம். ஆகவே 'நேற்று ஒரு கப்பல் பத்திரமாகப் போனதே' என்பதை நம்ப வேண்டாம். கடற்படை துழாவி அறிவித்த பாதையைத்தான் நம்பலாம்.

ஒரு தைரியம் சொல்கிறேன். 1987 ஜூலையில் பிரிட்ஜ்டன் என்ற ராட்சத எண்ணெய்க் கப்பல் கண்ணிவெடியில் மோதியது. மூழ்கவில்லை, ஓர் உயிரும் போகவில்லை. காவலுக்கு வந்த போர்க்கப்பல்கள்தான் அதன் பின்னால் வரிசை கட்டிப் போயின. அந்த அடியை அவை தாங்காது.

தம்பி செய்ய வேண்டியது: நேவ்டெக்ஸ் (கப்பல்களுக்கு வானொலி வழியே எழுத்தில் வரும் கடல் எச்சரிக்கைச் சேவை) எச்சரிக்கைகளை விடாமல் படிக்கட்டும். மிதப்பவை தெரிய வேண்டுமானால் பகலில் கடப்பது நல்லது. கப்பலின் முன்பகுதியில் ஆள் நிற்கக் கூடாது, கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜிலிருந்தே கண்காணிக்க வேண்டும். நீர்புகாக் கதவுகள் மூடியிருக்கட்டும். சந்தேகமான பொருளை நெருங்காமல் இடமும் நேரமும் குறித்துத் தகவல் தர வேண்டும்.

சரி, மறுக்கலாமா? ஐ.டி.எஃப். (சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு) ஏற்ற வேலை ஒப்பந்தமாக இருந்து, அந்தப் பகுதியைப் போர் அபாயப் பகுதி என்று அறிவித்திருந்தால், மறுக்கலாம். கம்பெனி செலவிலேயே ஊர் திரும்பலாம். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் விதி மாறும். இன்றே அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுப்பதாக இருந்தால், கப்பல் அந்தப் பகுதிக்குள் நுழையும் முன்பே கேப்டனிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.