லூப்பர், ஹேண்ட்லர், மெசேஜ்: ஆண்ட்ராய்டு கேள்வி பதில்

ஆண்ட்ராய்டு ஃபிரேம்வொர்க்கும் நாம் எழுதும் செயலியும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஹேண்ட்லர், லூப்பர், மெசேஜ் கியூ மூன்றையும் படித்துக் குழம்பிவிட்டேன். எதற்கு என்ன வேலை?

மெசேஜ் என்பது செய்ய வேண்டிய ஒரு வேலை. மெசேஜ் கியூ என்பது அவை காத்திருக்கும் வரிசை. வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பது லூப்பர். ஹேண்ட்லருக்கு இரண்டு வேலை: வரிசையில் போடுவதும் அதுதான், முறை வந்ததும் வாங்கிச் செய்வதும் அதுதான். ஒரு திரெட்டுக்கு (நிரல் வரிசையாக ஓடும் ஓர் இழைக்கு) ஒரே லூப்பர், ஒரே கியூ. ஹேண்ட்லர் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. திரையை வரைந்து தொடுதலைக் கவனிக்கும் மெயின் திரெட்டின் கியூ உங்களுக்கு மட்டும் சொந்தமல்ல. திரை உருவாகும்போது ஆன்கிரியேட், முன்னுக்கு வரும்போது ஆன்ரெஸ்யூம், சர்வீஸ் தொடங்குவது என ஃபிரேம்வொர்க் சொல்வதும் அதே வரிசையில்தான் வருகிறது. ஆண்ட்ராய்டின் மூல நிரலில் ஆக்டிவிட்டிதிரெட் என்ற கிளாஸைத் திறந்து பாருங்கள். நாம் எழுதாத மெயின் மெத்தட் அங்கே இருக்கும். அது லூப்பரைத் தயார் செய்து ஓடவிடுகிறது. அதற்கு அடுத்த வரியே, மெயின் திரெட்டின் லூப் எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்று பிழை வீசும் வரி! லூப் நின்றால் செயலியும் போச்சு என்று அர்த்தம்.

கேள்வி: முடிவில்லாத லூப் என்றால் பேட்டரி தீர்ந்துவிடாதா?

தீராது. கியூ காலியாக இருந்தால் திரெட் தூங்கிவிடும். ஏதாவது நடக்கும்வரை காத்திருக்க உதவும், லினக்ஸ் கெர்னலின் ஈபோல் வசதியை வைத்துத்தான் தூங்குகிறது. புது மெசேஜ் வந்தாலோ, அடுத்ததற்கு நேரம் ஆனாலோ விழிக்கும்.

கேள்வி: சர்வரிலிருந்து வரும் பெரிய ஜேசானை (உரை வடிவில் வரும் தரவை) ஹேண்ட்லருக்குள் பிரிக்கிறேன். பின்னணியில்தானே ஓட வேண்டும்? திரை உறைகிறதே, ஏன்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். ஹேண்ட்லர் என்றாலே பின்னணி என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. எந்த லூப்பரோடு கட்டியிருக்கிறீர்களோ, அந்தத் திரெட்டில்தான் ஹேண்ட்லரின் வேலை நடக்கும். உங்களுடையது மெயின் லூப்பர். ஜேசான் பிரித்து முடியும்வரை, பின்னால் நிற்கும் திரை வரையும் வேலைக்கு முறை வராது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிசெகண்ட். தொடுதலுக்கு 5 வினாடி பதில் இல்லையென்றால், செயலி பதிலளிக்கவில்லை என்று சிஸ்டமே பெட்டி காட்டிவிடும்.

ஹேண்ட்லர்திரெட் (தனக்கென லூப்பர் உள்ள திரெட்) ஒன்று தொடங்கி, அதன் லூப்பரில் பிரியுங்கள். முடிவை மட்டும் மெயினுக்கு அனுப்புங்கள். லூப்பரைச் சொல்லாமல் ஹேண்ட்லர் உருவாக்கும் முறையை ஆண்ட்ராய்டு 11இல் தவிர்க்கச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். எந்தத் திரெட் என்பதை இனி எழுதிவிடுவதே முறை.

கேள்வி: ஆன்கிரியேட்டில் ஒரு வியூவின் (திரையில் தெரியும் பொத்தான் போன்ற ஒன்றின்) அகலம் கேட்டால் 0 வருகிறது. அதையே போஸ்ட் செய்து (வரிசையில் போட்டு) கேட்டால் சரியாக வருகிறது. என்ன மாயம்?

ஆன்கிரியேட் ஓடுவதே ஒரு மெசேஜுக்குள்தான். வியூக்களை அளந்து அடுக்கும் வேலை அதற்குப் பின்னால் வருகிறது. வியூ இன்னும் விண்டோவில் சேராததால், நீங்கள் போஸ்ட் செய்தது தனியாகக் காத்திருக்கும். சேர்ந்த பிறகு கியூவுக்குப் போகும். அதன் முறை வருவதற்குள் அளவெடுப்பு முடிந்திருக்கும். சிலர் 100 மில்லிசெகண்ட் தாமதம் வைத்துச் சமாளிப்பார்கள். அது ஜோசியம், வேகம் குறைந்த போனில் பலிக்காது.

கேள்வி: தாமதித்து ஓடச் சொல்லும் போஸ்ட்டிலேயில் 10 நிமிடம் கொடுத்தேன். போன் சும்மா கிடந்தால் வெகுநேரம் கழித்துத்தான் ஓடுகிறது.

போன் ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும் நேரத்தை ஹேண்ட்லரின் கடிகாரம் கணக்கில் எடுக்காது. தவிர, செயலியின் பிராசஸையே சிஸ்டம் நிறுத்திவிட்டால் கியூவும் அதோடு போய்விடும். நினைவூட்டல் மாதிரி நேரம் தவறக் கூடாததற்கு அலார்ம்மேனேஜர், சற்று முன்பின் ஆனாலும் பரவாயில்லை என்றால் வொர்க்மேனேஜர்.

கேள்வி: ஆக்டிவிட்டியை (செயலியின் ஒரு திரையை) மூடிய பிறகும் அது மெமரியில் இருக்கிறது, மெமரி லீக் (விடுவிக்கப்படாத நினைவகம்) என்று காட்டுகிறது. உள்ளே ஒரு ஹேண்ட்லர் மட்டும்தான் இருக்கிறது.

அந்த ஹேண்ட்லரேதான் காரணமாக இருக்கும். கியூவில் காத்திருக்கும் மெசேஜ் தன் ஹேண்ட்லரைப் பிடித்திருக்கிறது. ஹேண்ட்லர் ஸ்டாட்டிக் அல்லாத உள் கிளாஸ் என்றால் அது ஆக்டிவிட்டியைப் பிடித்திருக்கும். மெசேஜ் போகும்வரை யாரும் யாரையும் விடமாட்டார்கள். 2 நிமிடத் தாமதம் வைத்த ஒரு திரையில் நானே இப்படி மாட்டியிருக்கிறேன். திரையைத் திருப்பத் திருப்ப ஆக்டிவிட்டிகள் சேர்ந்துகொண்டே போயின. ஆக்டிவிட்டி அழியும்போது ஓடும் ஆன்டிஸ்ட்ராயில் ரிமூவ்கால்பேக்ஸ்அண்ட்மெசேஜஸுக்கு நல் (வெற்று மதிப்பு) கொடுத்து அழையுங்கள். அந்த ஹேண்ட்லர் போட்ட எல்லாம் கியூவிலிருந்து நீங்கிவிடும்.

கேள்வி: மெசேஜ் பொருளை நியூ போட்டுப் புதிதாக உருவாக்கலாமா, ஆப்டெய்ன் மெத்தடில்தான் வாங்க வேண்டுமா?

ஆப்டெய்ன். பழைய மெசேஜ் பொருட்களைச் சேர்த்து வைத்து மறுபடி தருகிறது.

கேள்வி: பின்னணி வேலைகளை எளிதாக எழுத உதவும் கோட்லின் கோரூட்டின் வந்த பிறகும் இதெல்லாம் படிக்க வேண்டுமா?

புது நிரலை கோரூட்டினிலேயே எழுதுங்கள், நானும் அப்படித்தான். ஆனால் கோரூட்டினை மெயின் திரெட்டில் ஓடவிடும் டிஸ்பாட்சர்ஸ் மெயினுக்கு அடியில் இருப்பது மெயின் லூப்பரின் ஹேண்ட்லர்தான். மெயின் திரெட்டில் வந்த கிராஷ் அறிக்கை ஏதாவது இருந்தால் அதன் கடைசி வரிகளைப் பாருங்கள்: ஹேண்ட்லர், லூப்பர், ஆக்டிவிட்டிதிரெட் மூன்றும் அங்கே நிற்கும்.