வேலூரில் ஊர் கூடி நடும் கன்றுகள் கோடைக்குள் கருகுவது ஏன்?

ஆடியில் தெருவாகச் சேர்ந்து நட்ட கன்றுகள் சித்திரைக்குள் கருகிவிடுகின்றன, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கோடையில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுகிற வெயிலும், ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிற பாலாறும் உள்ள வேலூரில், நடுவதைவிட முதல் இரண்டு கோடைகளைக் கடத்துவதே கடினமான வேலை. புரட்டாசி பிறந்தபின் நட்டால், வடகிழக்குப் பருவமழை ஓய்வதற்குள் வேர் ஓரளவு ஆழம் பிடிக்கும்.

குழி 2 அடி ஆழமும் அகலமும் இருக்கட்டும். மலையடிவாரத்துக் கல்மண்ணில் 3 அடி தேவைப்படும். பட்டுப்போன கன்று ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள்: பிளாஸ்டிக் பையைக் கிழிக்காமலே நட்டிருப்பார்கள், அல்லது பைக்குள் வளையமாகச் சுருண்ட வேர் அப்படியே மண்ணுக்குள் போயிருக்கும். அந்தச் சுருளைக் கத்தியால் நறுக்கிவிட்டு நட வேண்டும். படம் எடுக்கும் அவசரத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை.

தெருவுக்கு வேம்பு, புங்கன். ஏரிக்கரைக்குப் பனை, நாவல், நீர்மருது. விரைவில் நிழல் தருகிற குல்மோகர் பலத்த காற்றில் கிளை முறியும் என்பதால் மின்கம்பிகளுக்கு அருகில் வேண்டாம்.

கன்றுக்கு ஒரு வீட்டைப் பொறுப்பாக்கி, கோடையில் வாரம் இருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். அடியில் சருகு மூடாக்கும், ஆடுகளுக்கு எட்டாத மூங்கில் கூண்டும் அவசியம்.