பேஸ் தூக்கலான ஹெட்ஃபோன்களை இசை ஆர்வலர்கள் ஒதுக்குவது சரியா?

சரியில்லை என்பதே என் கருத்து. கேட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பது வேறு, பெயரைப் பார்த்ததுமே முகம் சுளிப்பது வேறு.

பேஸ் என்பது இசையின் அடித்தள ஒலி. ஏறத்தாழ 20 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை. பேஸ் கிதார், பெரிய டிரம் ஆகியவற்றின் கனம் இங்கேதான் இருக்கிறது. இதைக் கூட்டித் தரும் ஹெட்ஃபோன்கள் பலருக்கும் பிடிப்பதற்குக் காரணம் நம் காதுதான். ஒலியளவு குறையக் குறைய, பேஸ் போன்ற தாழ்ந்த சுருதி ஒலிகளை உணரும் திறன் மற்றவற்றைவிட வேகமாகக் குறைகிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். மங்கிய வெளிச்சத்தில் நிறங்கள் முதலில் வெளிறிப்போவதைப் போலத்தான் இதுவும். போதாததற்கு, பேருந்து, ரயிலின் இரைச்சலும் பேஸைத்தான் அதிகம் விழுங்குகிறது. அங்கே கொஞ்சம் கூடுதல் பேஸ் இழந்ததை ஈடுகட்டும்.

ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் ஆய்வாளர் ஷான் ஆலிவின் குழு நடத்திய சோதனைகளிலும், பெரும்பாலோர் பேஸ் சற்று உயர்ந்த ஒலியையே விரும்பினார்கள்.

குறை இல்லாமல் இல்லை. கூட்டிய பேஸ் 200 ஹெர்ட்ஸைத் தாண்டி வழிந்தால் பாடகரின் குரல் மூடிப்போகும். வாங்கும்முன் ஒரு குரல் பாடலைப் போட்டு இதைச் சோதியுங்கள்.

பேஸ் அதிகமானாலே துல்லியம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டுப்பாடில்லாமல் நீண்டு ஒலிக்கும் பேஸ்தான் துல்லியத்தைக் கெடுக்கிறது, அதன் அளவு மட்டும் அல்ல.